கடன் வாங்காதவருக்கு ஏன் கடன் மறுக்கப்படுகிறது?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஓராண்டாகியும், எந்தக் கடன் பாக்கியும் இல்லாத இளைஞருக்கு வங்கி கடன் அட்டை தர மறுப்பது ஏன்?

பதில்: 300 முதல் 900 வரை மதிப்பெண் வழங்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்திய பதிவே இல்லாதபோது, அவரது நாணயத்தை மதிப்பிட வங்கிக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. இத்தகையோர், வங்கியில் போட்ட வைப்புத்தொகையை ஈடாகக் காட்டிப் பெறும் கடன் அட்டையில் வரம்பின் சிறு பகுதியை மட்டும் செலவிட்டு, மாதப் பட்டியலில் உள்ள முழுத்தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவருவதே பாதுகாப்பான தொடக்கமாகும். அப்பட்டியலில் 'குறைந்தபட்சத் தொகை' என அச்சிடப்படுவதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது என்பது உண்மையே. ஆயினும் எஞ்சிய பாக்கிக்குப் பல அட்டைகளில் ஆண்டுக்கு 40 விழுக்காட்டையும் தாண்டும் வட்டி ஏறுவதால், இளம் ஊதியக்காரரைக் கடனில் ஆழ்த்தும் வழி பெரும்பாலும் அதுவே. சொந்தக் கடனில் மட்டுமன்றிப் பிறர் கடனிலும் கவனம் தேவை: நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டால், அவர் தவறும்போது கையெழுத்திட்டவரின் மதிப்பெண்ணும் சரியக்கூடும்.