படத்தின் மேல் எழுத்து

ஐபோன் செயலியில் ஒரு புகைப்படத்தின் மீது தலைப்பை இட நேரும்போது, மேகத்தின் மேல் வெள்ளை எழுத்தும் மரநிழலின் மேல் கறுப்பு எழுத்தும் மறைந்துபோகுமாதலால், எழுத்துக்கு ஒரு வர்ணமும் அதன் விளிம்புக்கு வேறொரு வர்ணமும் அளிப்பதே உசிதமான உபாயம். பெரிய எழுத்தாயின் அவ்விரு வர்ணங்களுக்கும் இடையே ஒளி வேற்றுமை 3-க்கு 1 என்ற விகிதத்துக்கும், சிறிய எழுத்தாயின் 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்கும் குறையலாகாது.

திரையில் எழுத்தைக் காட்டும் லேபிளின் 'டெக்ஸ்ட்கலர்' என்ற பண்பு உள்நிறத்தை மட்டுமே மாற்றும். விளிம்பும் வேண்டுவோர், தலைப்பை 'என்எஸ்அட்ரிபியூட்டட்ஸ்ட்ரிங்' ஆக அமைத்து, அதில் எழுத்துருவோடு உள்நிறத்துக்கு 'ஃபோர்கிரவுண்ட்கலர்', விளிம்பின் நிறத்துக்கு 'ஸ்ட்ரோக்கலர்', கனத்துக்கு 'ஸ்ட்ரோக்விட்த்' ஆகியவற்றைக் குறித்து, 'அட்ரிபியூட்டட்டெக்ஸ்ட்' என்ற பண்பின் வழியே லேபிளுக்கு அளிக்க வேண்டும்.

கனத்தைக் குறிக்கும் எண்ணில் அதன் குறியே பிரதானம். 5 என்று கொடுத்தால் உள்நிறம் முற்றிலும் நீங்கி வெறும் கோடு மட்டும் எஞ்சும். -5 என்று கொடுத்தாலோ உள்நிறம், விளிம்பு இரண்டும் தோன்றும். அந்த எண் எழுத்தளவின் சதவீதமாகையால், 40 பாயிண்ட் எழுத்தில் கோடு 2 பாயிண்ட் கனம் பெறும். எழுத்து பெரிதாகும்போது கோடும் தானே தடிக்கும்.

பலர் இவ்வளவோடு திருப்தியடைவர். தமிழ்த் தலைப்பை அந்நிலையில் விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. அக்கோடு எழுத்தின் வரம்பை நடுவாகக் கொண்டு பாதி வெளியிலும் பாதி உள்ளிலும் படிவதால், எழுத்தின் அங்கங்கள் மெலிந்து, மெய்யெழுத்தின் சின்னஞ்சிறு புள்ளி விளிம்பின் நிறத்திலேயே அமிழ்ந்துவிடுகிறது. புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடுமன்றோ! ஆகவே ஒரே எழுத்துரு, அளவு, இடம் கொண்ட இரண்டு லேபிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழுள்ளதற்கு விளிம்பின் நிறத்தையும் 10 என்ற கனத்தையும், மேலுள்ளதற்கு உள்நிறத்தை மட்டுமே தருவது சிலாக்கியம். உள்ளே படியும் பாதியை மேலெழுத்து மூடிக்கொள்ள, அதே 40 பாயிண்ட் எழுத்தில் வெளிப்பாதியான 2 பாயிண்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகளுக்குள் கோடு புகுந்து அடைப்பதை இம்முறையும் தடுக்காது; அங்கே கனத்தைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை.

இரண்டு லேபிள்கள் இருப்பதால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் தலைப்பை இருமுறை உச்சரிக்கும்; கீழ் லேபிளின் 'இஸ்அக்ஸசிபிலிட்டிஎலிமென்ட்' என்ற பண்பை 'ஃபால்ஸ்' என்று அமைத்துவிட்டால் அத்தொல்லை நீங்கும்.