தில்லி நிழற்கடிகாரம்

புதுதில்லியின் நடுவே, பசும்புல் பரந்த பூம்பொழில் ஒன்றில் ஜந்தர் மந்தர் என்னும் பழைய வானாய்வுக் கூடம் உள்ளது. ஆமேர் நாட்டு மன்னர் சவாய் ஜெய்சிங் 1724-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். அந்நாளில் வழங்கிய பித்தளைக் கருவிகள் அளவிற் சிறியன. அவற்றின் அச்சுகள் தேய்ந்து ஆட்டங்காணும். ஆதலின், அசையாப் பெருங்கருவிகளைக் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் அவர் எழுப்புவித்தார். பின்னாளிற் சிதைவுற்ற இக்கூடம் 1910-இல் பழுதுபார்க்கப் பெற்றது.

பிப்ரவரித் திங்களின் இடையில் ஒருநாள் பெயரனுடன் அங்குச் சென்றேன். கருவிகளுள் தலையாயது சாம்ராட் யந்திரம். ஏறத்தாழ 70 அடி உயர்ந்த முக்கோணச் சுவர் அது. அதன் சாய்விளிம்பு வடமீனை நோக்கி நிற்கும். இருமருங்கும் வில்லென வளைந்த மேடைகள் உள்ளன. காலையில் சுவரின் நிழல் மேலை மேடையின் உச்சியில் தொடங்கிக் கீழிறங்கும். உச்சிப்பொழுதில் இப்பக்கம் விட்டு, அப்பால் கீழை மேடையில் ஏறும். மேடையிற் பொறித்த காலக்கோடுகள் மிகவும் தேய்ந்துவிட்டன. ஆதலின், நிழல் பக்கம் மாறும் நேரத்தையேனும் காண்போம் என்று காத்திருந்தோம்.

கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டியது, நிழல் மாறவில்லை. "தாத்தா, இது பழுதுபட்டுவிட்டது" என்றான் பெயரன். யானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை மறைப்பானேன்? 12 மணி 35 நிமிடம் ஆனபோதுதான் நிழல் மாறிற்று.

பிழை கருவியினதன்று. நம் கடிகாரங்கள் இந்தியா முழுமைக்கும் பொதுவாக, 82½ பாகை நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுவன. தில்லியோ அதற்கு 5 பாகைக்குச் சற்று மேற்பட்ட அளவு மேற்கே உள்ளது. பாகை ஒன்றுக்கு 4 நிமிடமாக, அங்கு உச்சிப்பொழுது 21 நிமிடம் பிந்தும். மேலும், நிலவுலகின் பாதை முழுவட்டமன்று; அதன் அச்சும் சாய்ந்துள்ளது. இவற்றால் ஞாயிற்றின் நாள்கள் ஒத்த நீளமுடையன அல்ல. கடிகாரமோ அவற்றின் சராசரியையே காட்டும். பிப்ரவரி இடையில் ஞாயிறு அச்சராசரிக்கு 14 நிமிடம் பிந்துகிறது. இரண்டும் கூடி 35 ஆயின.

இதனை மணலிற் கோடிட்டு விளக்கினேன். பெயரன் சிறிது எண்ணி, "ஞாயிறு முந்தும் நாள் இல்லையா?" என்றான். உண்டு, நவம்பர்த் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். அன்று இந்நிழல் நம் கடிகாரத்திற்கு 5 நிமிடமே பிந்தி மாறும். அதனைக் காணும் பொருட்டு நவம்பரில் மீண்டும் வரவேண்டும் என்று அவன் அங்கேயே உறுதி வாங்கிக்கொண்டான்.