சிப்பி செய்யும் ஊழியம்

கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து இங்கு கடை வைத்த நம்மவர் பலருடைய முன்னோருக்கு முத்தும் சங்கும் பிழைப்பாயிருந்தன. ஆயினும் அந்தச் சிப்பி கடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர் நம்மில் குறைவு. இம்முறை அதைச் சற்றுக் கவனிப்போம்.

சிப்பி இரை தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஜலத்தை உள்ளிழுத்து, செவுளால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்று, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. அமெரிக்கக் கரையிலுள்ள ஒரு வகைச் சிப்பி நல்ல சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்பது கணக்கு. நீர் தெளிந்தால் வெளிச்சம் அடிவரை இறங்கும், கடற்புல் வளரும், மீன்குஞ்சுகள் அதில் ஒளிந்து பிழைக்கும். சம்பளம் கேளாத துப்புரவுத் தொழிலாளி என்றே சொல்லலாம்.

இந்த ஊழியத்தில் நமக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கழிவு கலந்த நீரில் வளர்ந்த சிப்பி அந்த அழுக்கையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். சிங்கப்பூரில் 1983ஆம் வருஷம் பரவிய மஞ்சள் காமாலை, மலாய்க்காரர் கெராங் என்று சொல்லும் சிப்பியைச் சரிவர வேகவைக்காமல் தின்றதனால் வந்ததென்று கண்டார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர் இதை மறக்கலாகாது. வெந்நீரில் காட்டி எடுப்பது வேகவைத்ததாகாது. (ஹனஃபி வழியினர் இதை உண்பதில்லை, ஷாஃபி வழியினர் உண்பர். ஆகவே இந்த எச்சரிக்கை நம்மில் பாதிப் பேருக்குத்தான்!)

தின்னாதவருக்கும் சிப்பி பயன்பட்டே வந்திருக்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததே. இவ்வூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு மதராஸ் சுண்ணம் என்பது; கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.

இனி முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் சிப்பி விளையும் திட்டைப் ‘பார்’ என்பார்கள். குளிப்புக்கு முன் சர்க்கார் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, பிறகே குளிப்பை அறிவிப்பது வழக்கம். சரக்கைப் பார்த்து விலை பேசும் நம் தொழிலுக்கு இது புதிதன்று. இலங்கையில் 1905ஆம் வருஷக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுத்தார்கள். வருமானம் 25 இலட்ச ரூபாய் அளவு. அதைக் கண்டு 1906இல் ஒரு கம்பெனி 20 வருஷக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பாரில் எடுக்கத்தக்க சிப்பி இல்லை, கம்பெனி நொடித்தது. அடுத்த குளிப்பு 1925இல்தான்.

மணல் வந்து மூடுவதும், திருக்கையும் நட்சத்திர மீனும் தின்பதும், அளவுக்கு மீறி அள்ளுவதும் பாரை அழிக்கும். முதலிரண்டும் மனிதன் வசத்தில் இல்லை. மூன்றாவது மட்டுமே அவன் கையில் இருக்கிறது. முதலை எடுத்து ஆதாயம் என்று எழுதிக்கொண்ட கடை எத்தனை நாள் நடக்கும்?

நமக்கு அருகிலும் இதைக் காண்கிறோம். மலேசியாவில் 2010இல் 78,000 டன் அளவிலிருந்த கெராங் விளைச்சல் அடுத்த சில வருஷங்களில் பல மடங்கு சரிந்துவிட்டது. கரை நீர் கெட்டதும், விதைச் சிப்பி குறைந்ததும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்தது, அதன்பின் நடக்கவில்லை. 1973இல் அவ்வூர் ஆராய்ச்சியாளர் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்துக் காட்டினார்கள். 1986இல் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. முத்து வளர்க்கும் வித்தை நம் கைக்கு வந்தது. பழைய பார்கள் மட்டும் இன்னும் குளிப்புக்குத் திறக்கவில்லை.