மாருதி 800-இல் "டக் டக் டக்": டிரைவ் ஷாஃப்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

ஸ்டீயரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடித்து, முதல் கியரில் மெதுவா நகரும்போது முன் சக்கரத்துப் பக்கமிருந்து "டக் டக் டக்" என்று சத்தம் வருதா? நேராகப் போகும்போது அது காணாமல் போகுதா? அப்படின்னா உங்க வீட்டுப் பழைய மாருதி 800-இன் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் என்பதைக் காதை நம்பி முடிவு பண்ணாதீங்க. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் பூட்டைப் பாருங்க. அது கிழிந்து, சுற்றிலும் கருப்பு கிரீஸ் தெறித்திருக்கிற பக்கம்தான் குற்றவாளி.

முதலில் கொஞ்சம் தியரி. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்த கார், முன்சக்கர இழுவை வண்டி. அதற்கு முன் நம் ரோட்டை ஆண்ட அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர இழுவை. முன் சக்கரத்துக்கு இரட்டை வேலை: அது திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இங்கே சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டால் என்ன ஆகும்? மெஷின் தியரியில் படித்த ஹூக் ஜாயிண்ட் சூத்திரத்தை ஞாபகப்படுத்துங்க. கோணம் தீட்டா என்றால், வெளியே வரும் வேகம் காஸ் தீட்டாவுக்கும் ஒன்றின் கீழ் காஸ் தீட்டாவுக்கும் இடையே, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். 30 டிகிரி என்றால் சுமார் 87 சதவீதத்திலிருந்து 115 சதவீதம் வரை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீயரிங் கையில் உதறும்.

இதற்கு விடைதான் ரெசெப்பா ஜாயிண்ட். 1920களில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா உருவாக்கியது. வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகு குண்டுகள். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே அவை எப்போதும் இருக்கும். அதனால் உள்ளே வரும் வேகமே வெளியே போகும். அழகான ஜியாமெட்ரி, ஆனா அதுக்கு ஒரு எதிரி உண்டு: மணல். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணலும் தண்ணியும் உள்ளே வரும், பள்ளங்கள் குழி விழும். அந்தக் குழியில் குண்டு ஏறி இறங்குவதுதான் நீங்க கேட்கிற "டக் டக்".

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயிண்ட் வேறு ரகம். பெரும்பாலான சின்ன கார்களில் அது மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் மாற வேண்டுமே, அதற்கு இது உள்ளே வெளியே நகர்ந்து இடம் கொடுக்கும். இது தேய்ந்தால் டக் சத்தம் வராது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டி உதறும்.

பூட் மட்டும் இப்போதுதான் கிழிந்திருக்கு, கிரீஸில் மணல் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் புது கிரீஸ் தேய்மானத்தைத் திருப்பித் தராது. புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் கிடைக்கும்தான். என்னைக் கேட்டால் வேண்டாம். அடுத்தவர் தேய்த்ததை எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்? புதுசு வாங்கும்போது இடது, வலது என்று சொல்லிக் கேளுங்க, நீளம் ஒன்றல்ல. கூடவே ஹப் நட்டு, கியர்பாக்ஸ் ஆயில் சீல், சர்க்ளிப், கியர் ஆயில் ஆகியவற்றையும் புதுசா வாங்கிடுங்க.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தணும். முதலில் நட்டின் ஓரத்தை ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பதை உளியால் நிமிர்த்துங்க. சின்ன கார்களில் இந்த நட்டு பொதுவாக 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்பட்டிருக்கும். 200 என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் கிட்டத்தட்ட 68 கிலோ எடை தேவை. அதே பிடியில் பைப்பைச் சொருகி 1 மீட்டர் ஆக்கினால் 20 கிலோ போதும். துரு பிடித்திருந்தால் இன்னும் கேட்கும். மெக்கானிக் அண்ணன் ஏன் பைப்போடு வருகிறார் என்பது இப்போ புரியுதா?

அடுத்து தூக்குவது. இங்கேதான் உயிர் விஷயம். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, சமதளமான சிமென்ட் தரையில் மட்டும் தூக்குங்க. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், அதன் மேல் காரை நிறுத்தாதீங்க. ஸ்டாண்ட் கிடைக்கலையா? வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்க மச்சி.

இனி கியர் ஆயிலை வடிக்கணும். ஊற்றுகிற துளையின் போல்ட் திறக்குதா என்று பார்த்த பிறகே வடிக்கிற போல்ட்டைக் கழற்றுங்க. இல்லைன்னா ஆயில் எல்லாம் தரையில், திரும்ப ஊற்ற வழி இல்லாமல் நிற்பீங்க. பிறகு சக்கரத்தைக் கழற்றி, கீழ் ஆர்மின் பால் ஜாயிண்டை நக்கிளில் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, ஆர்மைக் கீழே அழுத்திப் பிரித்தெடுங்க. இப்போ நக்கிள் வெளிப்பக்கம் ஆடும். ஷாஃப்ட் நுனியில் பழைய நட்டைச் சில மரை ஏற்றிவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஹப்பிலிருந்து கழலும், மரையும் கெடாது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் கவனிங்க.

உள் பக்கத்தைக் கழற்ற ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் டிரைபாட் தனியே பிரிந்து கையோடு வரும். கியர்பாக்ஸ் உறைக்கும் ஜாயிண்ட் கிண்ணத்துக்கும் இடையே நெம்புகோல் வைத்து ஒரே தள்ளு. சர்க்ளிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும். நெம்புகோல் சீலில் படக்கூடாது. இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருந்தால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்க. சில கியர்பாக்ஸ்களில் இரண்டையும் ஒன்றாக எடுத்தால் டிஃபரன்ஷியல் பக்க கியர் உள்ளே இடம் மாறிவிடும். அப்புறம் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரலாம்.

புது சீலின் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, ஷாஃப்ட்டை நேராகச் சொருகுங்க. "கிளிக்" என்று உட்கார வேண்டும். கிண்ணத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்க, வரக்கூடாது. பிறகு ஹப், பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட் தண்டிலுள்ள பள்ளத்தின் வழியாகப் போல்ட் போகணும். இந்தப் போல்ட் சரியாக இறுகாவிட்டால் ஓடும் வண்டியில் சக்கரம் மடங்கும். சந்தேகம் இருந்தால் இந்த ஒரு இடத்தையாவது அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹப் நட்டு வெறும் மூடி இல்லை, சக்கர பேரிங்கை அழுத்திப் பிடிப்பதும் அதுதான். ஆகவே வண்டியை இறக்கும் முன் பிரேக்கை ஒருவர் மிதிக்க, நட்டை நன்றாக இறுக்குங்க. இறக்கிய பிறகு சர்வீஸ் மேனுவலில் உங்க மாடலுக்குச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடித்து, ஓரத்தை மடக்குங்க. ஷாஃப்ட் இல்லாத காரைத் தள்ளி நகர்த்தவும் கூடாது, பேரிங் போய்விடும்.

ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பி, காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசா ஒடித்து எட்டு போடுங்க. மறுநாள் காலை வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, சீல் இருக்கும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டு விழுந்திருக்கா என்று பாருங்க.