டால்ஸ்டாய் கடிதத்தில் திருக்குறள்: ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தின் இடப்பெயர்வு

திறவுச்சொற்கள்: டால்ஸ்டாய், தாரக்நாத் தாஸ், திருக்குறள், இன்னா செய்யாமை, துறவறவியல்

முன்னுரை

கனடாவின் வான்கூவர் நகரில் 1908இல் ‘ஃப்ரீ ஹிந்துஸ்தான்’ இதழைத் தொடங்கிய தாரக்நாத் தாஸ், இந்திய விடுதலை குறித்து ருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய்க்கு மடல் எழுதினார். டால்ஸ்டாயின் மறுமொழி 1908 டிசம்பர் 14 நாளிட்டது. ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ என அறியப்படுவது. அதில் திருக்குறள் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறள் தேர்வு

ஆக்கிரமிப்பை எதிர்ப்பது கடமை என்னும் கருத்தை அவ்விதழ் தன் முகப்பு முழக்கமாகக் கொண்டிருந்தது. டால்ஸ்டாய் அதனை எடுத்துக்காட்டி மறுக்கிறார். முப்பதாயிரம் பேர் இருபது கோடி மக்களை அடிமைப்படுத்த இயலாது. மக்களே வன்முறையை ஏற்று அதில் பங்குகொண்டதால் அடிமையாயினர் என்பது அவர் வாதம். கடிதத்தின் ஐந்தாம் பகுதியின் முகப்பில் குறட்கருத்துகள் இடம்பெறுகின்றன. அவை 32ஆம் அதிகாரத்தின் 311, 312, 313, 314, 315, 319 ஆகிய ஆறு குறள்களோடு பொருந்துகின்றன. இவற்றுள் நடுவில் நிற்கும் 312, 313, 314 மூன்றும் தீங்கிழைத்தவரையோ பகைத்தவரையோ எவ்வாறு எதிர்கொள்வது என்பதைப் பேசுவன. எவர்க்கும் எக்காலத்தும் தீங்கு நினையாமையைப் பொதுவறமாகக் கூறும் 317 விடப்பட்டுள்ளது. எனவே இம்மேற்கோள் அணியன்று. முழக்கத்திற்கான நேர் மறுப்பு.

இயல் மாற்றம்

இவ்வதிகாரம் துறவறவியலைச் சார்ந்தது. பரிமேலழகர் பகுப்பில் விரதங்களுள் ஒன்று. 311ஆம் குறளின் ‘செல்வம்’ என்பதற்கு அவர் அணிமா முதலிய சித்திகளைப் பொருளாகக் கொள்வதும் துறவியை முன்னிறுத்தியே. டால்ஸ்டாயின் மேற்கோளில் அது ‘பேராற்றல்’ என்னும் பொருள்பட அமைகிறது. ஆட்சியைப் பற்றிய விவாதத்தினிடையே அச்சொல் அரசியல் சாயல் பெறுகிறது. தனியொருவரின் நோன்பு ஒரு நாட்டினர்க்கான நெறியாகிறது.

தாஸ் எழுப்பியதோ பொருட்பாலுக்குரிய வினா. அப்பாலில் படைக்கு இடமுண்டு. கொடியோரை வேந்தன் ஒறுத்தலைக் களைகட்டலோடு ஒப்பிடும் 550ஆம் குறளும் உண்டு. இவை கடிதத்தில் இல்லை. ஆதலின் டால்ஸ்டாய் காட்டும் குறள் உண்மையான குறளே. எனினும் முழுக்குறள் அன்று.

முடிவுரை

காந்தியடிகள் 1909 நவம்பர் 19 நாளிட்ட முன்னுரையுடன் இக்கடிதத்தை ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சத்தியாக்கிரகிகளும் வாழ்ந்தனர். துறவறவியலின் விரதம் இல்லறத்தாரின் போராட்ட நெறியாகலாம் என்பதற்கு அவர்தம் வாழ்வு சான்று. குறளின் இயல் வைப்பு அதன் பொருளுக்கு எல்லையாகுமா என்னும் வினாவை உரைமரபு ஆய்வு இனியும் தவிர்த்தல் இயலாது.