ஒரே ரூபாய் ஓடிய காலம்

கேள்வி: தாத்தாவின் காலத்தில் இங்கே தோட்டத்தில் வாங்கிய ரூபாயும் இந்தியாவில் ஊரில் புழங்கிய ரூபாயும் ஒரே மதிப்பாம். உண்மையா? இன்றும் இந்தியாவோடு பொது நாணயம் இருந்திருந்தால் 2022இல் நாங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டோம் அல்லவா?
— வாசகி, மடுல்கெல்ல

பதில்: தாத்தா சொன்னது உண்மை. 1872 தொடக்கம் ரூபாய்தான் இலங்கையின் சட்டபூர்வ நாணயம். அது இந்திய வெள்ளி ரூபாயேதான். அங்கே அணாவாகப் பிரித்தார்கள், இங்கே நூறு சதமாக. கிழக்காபிரிக்காவிலும் வளைகுடாத் துறைமுகங்களிலும்கூட இந்திய ரூபாய் ஓடியது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்த பிறகு இலங்கை அரசே நோட்டு வெளியிட்டது. அதுவும் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தது. 1950இல் மத்திய வங்கி வந்த பின்னும் அந்தச் சமமதிப்பு நீடித்தது. 1966 ஜூன் 6ஆம் திகதி இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதுதான் அது முறிந்தது. அன்றைய உத்தியோகபூர்வ விகிதப்படி இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஏறத்தாழ 1.57, மறுவருடம் இலங்கையும் குறைத்ததும் 1.26.

ஊருக்குக் காசு அனுப்பியவருக்கு அந்தச் சமமதிப்பு பெரிய வசதி. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வெள்ளி விலை சரிந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1870களின் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங் அளவுக்குப் பெறுமதியாக இருந்த ரூபாய், 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் ஒரு பென்னிக்கு இறங்கியது. தோட்டத் துரைமார் தேயிலையை லண்டனில் பவுனுக்கு விற்றார்கள், கூலியை ரூபாயில் கொடுத்தார்கள். ரூபாய் இறங்க இறங்க அவர்களுக்கு லாபம். 1893இல் இந்திய நாணயசாலைகளை வெள்ளிக்கு மூடி அந்தச் சரிவை நிறுத்த முடிவெடுத்தது இந்திய அரசு. அது இலங்கையின் தேவை கருதி எடுத்த முடிவல்ல. ஆனாலும் இலங்கை அதன்படியே நடக்க வேண்டியிருந்தது.

இனி 2022. அதற்கு முந்தைய வருடம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயித்தபோது அது ஏறக்குறைய 5 டொலர். டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது மூன்று டொலருக்கும் கீழே. தேயிலை டொலருக்கே விற்றது. இம்முறை நாணயம் நம்முடையது, முடிவும் கொழும்பில்தான். அப்படியிருந்தும் கொழுந்து பறித்தவரின் கூலிதான் கரைந்தது. இதை என்னால் சாதாரணமாக எழுதிக் கடக்க முடியவில்லை.

பொது நாணயம் இருந்திருந்தால் ரூபாய் அப்படி விழுந்திருக்காது, உண்மைதான். ஆனால் நாட்டின் கடன் போயிருக்காது. யூரோவில் இருந்துகொண்டே கிரேக்கம் 2010இல் கடனில் மூழ்கியது. நாணய மதிப்பைக் குறைக்க வழியில்லாததால் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். இந்தியாவோடு சேர்ந்தால் வட்டிவீதம் மும்பையில் முடிவாகும், 140 கோடிப் பேரின் நிலவரத்தை வைத்து. இரண்டு கோடிப் பேர் வாழும் நாட்டின் தேயிலை விலை அங்கே கணக்கில் வருமா? வராது என்றே நினைக்கிறேன். அதனால் பொது நாணயத்தை நான் ஆதரிக்கமாட்டேன். சம்பளத்தை வாழ்க்கைச் செலவோடும் தேயிலையின் ஏலவிலையோடும் சேர்த்து உயரும்படி கட்டச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அதற்கு எந்த நாட்டின் நாணயமும் தேவையில்லை.