புதியவருக்கும் ஒரு வேலை உண்டு
திறந்த மூல மென்பொருளில் பங்கெடுக்கும் வழிகள்

இடம்பெயர்ந்து வேறோர் ஊருக்கு வந்த கமக்காரர் ஒருவர் முதன்முதலாக வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்குப் போகிறார். ஊரவர் எல்லாருக்கும் தத்தம் இடம் தெரியும். வந்தவர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கரையில் நிற்கிறார். வேலை தெரியாதவர் அல்லர். சொந்த ஊரில் இருபது வருடம் வாய்க்கால் வெட்டியவர். எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது என்பதுதான் தெரியாது. "அண்ணை, இந்த மதகடியிலை நிண்டு குப்பையை வழிச்சு விடுங்கோ" என்று ஒருவர் சொன்னால் போதும். அன்றைக்கே அவருக்கும் அந்த வாய்க்காலில் ஒரு பங்கு உண்டாகிவிடும்.

கணனி படித்த எங்கள் பிள்ளைகள் சிலரும் இன்று இப்படித்தான் கரையில் நிற்கிறார்கள். திறந்த மூல மென்பொருள் என்னும் பொதுவேலை உலகெங்கும் நடக்கிறது என்று கேள்விப்படுகிறார்கள். அதில் தமக்கும் இடமுண்டா என்பது தெரிவதில்லை. அந்த இடத்தைக் கண்டுகொள்ளும் வழியை இப்பாடத்தில் பார்ப்போம்.

திறந்த மூலம் என்றால் என்ன?

கணனி என்ன செய்யவேண்டும் என்று எழுதப்படும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். பல நிறுவனங்கள் இக்கட்டளைகளை மூடிவைத்து, பாவிக்கும் உரிமையை மட்டும் விற்கின்றன. திறந்த மூல மென்பொருளிலோ கட்டளைகளை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நாட்டு விதைநெல்லைப் போன்றது இது. வாங்கியவர் விதைக்கலாம், நல்லதைத் தெரிந்தெடுக்கலாம், அயலவருக்கும் கொடுக்கலாம்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்டோல்மன் இத்தகைய சுதந்திர மென்பொருளுக்கான முயற்சியைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்தில் 21 வயது மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு, மற்றவர்களின் கருத்தைக் கேட்டார். பலர் திருத்தி அனுப்பினார்கள். இன்று உங்கள் வீட்டில் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி இருந்தால் அதற்குள்ளும் லினக்ஸே இயங்குகிறது.

எங்கள் நாட்டிலிருந்து ஓர் உதாரணம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனைபேர், எங்கே என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே வேலைசெய்கிறது என்ற விபரங்கள் பல கைகளில் சிதறிக் கிடந்தன. இவற்றை ஒன்றுசேர்க்க இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அவ்வேலையை முன்னின்று நடத்தியது. மென்பொருளின் பெயர் 'சஹன'. நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்.

அது திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. சமூகப் பயனுக்காக, சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சிந்திப்போம். முகாமில் பதிவு எழுதப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். தகப்பன் ஒரு முகாமிலும் தாய் வேறொரு முகாமிலும் இருந்தால் அக்குடும்பத்தை எப்படிப் பதிவது? அம்மம்மாவோடு வந்த பிள்ளைக்குக் 'குடும்பத் தலைவர்' யார்? ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்றுபேர் மூன்று விதமாக எழுதினால் தேடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இக்கேள்விகள் வரிசையில் நின்றவருக்குத் தெரியும். கட்டளை எழுதுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர் சொல்லாவிட்டால் மென்பொருளில் அந்தக் குறை அப்படியே இருந்துவிடும். ஆகவே கட்டளை எழுதத் தெரிந்தவர் மட்டுமே பங்காளி என்று எண்ணவேண்டாம். குறையைத் தெளிவாகச் சொல்லக்கூடியவரும் பங்காளியே.

ஐந்து வழிகள்

1. குறையை அறிவித்தல். "பயிர் பழுதாய்ப் போச்சு" என்று சொன்னால் விவசாயப் போதனாசிரியர் என்ன செய்வார்? "நட்டு இருபதாம் நாள்; அடி இலை மஞ்சளாகிறது; மேட்டுப் பாத்தியில் மட்டும்தான்" என்று சொன்னால் அவரால் ஆராய முடியும். மென்பொருளுக்கும் அப்படித்தான். நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடக்குமென எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி ஆகியவற்றை எழுதுங்கள். அதே குறையை வேறொருவர் முன்பே அறிவித்திருக்கிறாரா என்றும் தேடிப் பாருங்கள்.

2. பழைய அறிக்கைகளைச் சரிபார்த்தல். முன்பு அறிவிக்கப்பட்ட குறை புதிய பதிப்பிலும் இருக்கிறதா எனச் செய்து பார்த்து எழுதுவது பெரிய உதவி. இதற்குப் பொறுமையே முதல்.

3. மொழிபெயர்த்தல். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் உதவும் லிப்ரே ஒபிஸ், இணையத்தைப் பார்க்க உதவும் பயர்பொக்ஸ் போன்றவற்றைத் தமிழிலும் பாவிக்க முடிவது தொண்டர்களின் உழைப்பால்தான். நாம் கணனி என்கிறோம்; தமிழ்நாட்டில் கணினி என்கிறார்கள். எனவே தனியே சொல் ஆக்காமல், முன்னிருந்து செய்பவர்களின் சொற்பட்டியலைப் பார்த்து, கேட்டு, ஒத்துப்போவது நல்லது.

4. விளக்கம் எழுதுதல். பழகியவருக்குத் தான் முன்பு எங்கே தடுக்கினார் என்பது மறந்துவிடும். புதியவருக்கு அது நினைவிருக்கும். முதல்நாள் விளங்காத இடத்தைக் குறித்துவைத்து, விளங்கியபின் எளிய நடையில் எழுதிக்கொடுங்கள்.

5. கட்டளை எழுதுதல். லிப்ரே ஒபிஸ் குழுவினர் புதியவர்களுக்கென இலகுவான வேலைகளைத் தனியாகக் குறித்து வைக்கிறார்கள். பல மென்பொருள்களின் மூலம் வைக்கப்பட்டுள்ள கிற்ஹப் தளத்திலும் 'முதல் வேலைக்கு ஏற்றது' எனப் பொருள்படும் குறியிட்ட வேலைகளைத் தேடலாம்.

தொடங்கும் முறை

நீங்களே பாவிக்கும் ஒரு மென்பொருளைத் தெரிவுசெய்யுங்கள். கடைசித் திருத்தம் எப்போது செய்யப்பட்டது, கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். நீர் ஓடாத வாய்க்காலில் மண்வெட்டி பிடித்துப் பயனில்லை. பங்களிப்போருக்கான வழிகாட்டியை முழுமையாக வாசியுங்கள். பிறகு ஒரேயொரு சிறிய வேலையை எடுத்து, "இதை நான் செய்து பார்க்கிறேன்" என்று தெரிவித்து, செய்து முடியுங்கள். திருத்தச் சொன்னால் கோபிக்கவேண்டாம். பதில் பிந்தினால் மனம் சோரவும் வேண்டாம். அங்கிருப்பவர்களில் பலர் தங்கள் ஓய்வு நேரத்திலேயே வேலைசெய்கிறார்கள்.

எண்ணிக்கைக்காக வேலைசெய்வது கெடுதலாகவும் முடியலாம். ஒவ்வோர் ஒக்ரோபரிலும் நடந்துவந்த ஒரு பங்களிப்பு இயக்கத்தில் குறிப்பிட்ட தொகைத் திருத்தங்களை அனுப்பினால் ரீசேட் பரிசாகக் கிடைத்தது. 2020இல் பலர் ஒரு சொல்லை மாத்திரம் மாற்றிப் பயனற்ற திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். அவற்றைப் பார்த்து நிராகரிப்பதே பராமரிப்பவர்களுக்குப் பெரும் பாரமாயிற்று. விரும்பிச் சேரும் குழுக்களுக்கு மட்டுமே இனி அனுப்பலாம் என்று அம்மாதத்திலேயே விதியை மாற்றவேண்டி வந்தது.

இன்னுமோர் எச்சரிக்கை. குறை அறிக்கைகள் பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் தெரியும். உண்மையான குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, படம் எதையும் அதில் போடக்கூடாது. கற்பனைப் பெயர்களை இட்டுக் காட்டுங்கள். எங்களில் பலருக்கு இது உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயம்.

இதனால் என்ன கிடைக்கும்?

பொதுவாக இவ்வேலைக்குக் கூலி இல்லை. அன்றாடச் சாப்பாட்டுக்கான உழைப்பை விட்டுவிட்டு இதற்குப் போகுமாறு எவரையும் கேட்கமாட்டோம். கிழமையில் இரண்டு மணித்தியாலம் போதும். கணனி இல்லாவிட்டால் நாலுபேர் சேர்ந்து ஒரு கணனியில் மாறிமாறிச் செய்யலாம்.

ஆனால் ஒன்று மிஞ்சும். செய்த ஒவ்வொரு திருத்தமும் யாரால், எப்போது செய்யப்பட்டது என்பது அம்மென்பொருளின் வரலாற்றில் பதியப்படுகிறது. அதன் பிரதிகள் பல கணனிகளில் இருக்கும். காணி உறுதியையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, நாளை வேலை கேட்டுப் போகுமிடத்தில் காட்டக்கூடிய பதிவு அது. வேலை நிச்சயம் என்று சொல்லமுடியாது. ஆனால் "என்ன செய்திருக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கும்.

முன்னரே பழகியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சிறிய வேலைகளையெல்லாம் தாமே செய்து முடிக்காமல் சிலவற்றைப் புதியவருக்கென விட்டுவையுங்கள். அனுப்பியதை ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். மதகடியைக் காட்டிவிடும் ஒருவர் எல்லா இடத்திலும் தேவை.

கூடிக் கலந்துரையாட

1. முகாமிலோ அலுவலகத்திலோ நீங்கள் நிரப்பிய படிவமொன்றில் உங்கள் குடும்ப நிலைக்குப் பொருந்தாத கேள்வி எது? அதை எப்படி மாற்றிக் கேட்கலாம்?

2. உங்கள் கைத்தொலைபேசியில் தமிழ் விளங்காமல் இருக்கும் சொல் அல்லது வசனம் ஒன்றைக் காட்டுங்கள். ஊர்ப் பேச்சில் அதை எப்படிச் சொல்வீர்கள்?

3. உங்கள் இடத்தில் கணனி படித்த பிள்ளைகள் எத்தனைபேர்? அவர்கள் கிழமையில் ஒருநாள் கூடியிருந்து செய்ய ஓர் இடத்தை யார் ஒழுங்குசெய்யலாம்?

முதற் கேள்விக்கான பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் அனுப்பப்போகும் முதல் அறிக்கைக்கான விடயம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும்.